மதாம் பதில் சொல்வதற்கு முன்

மதாமுக்கு ரெலிபோன் எடுக்கிறவர்களில் பாதிப்பேர் அவருடைய குரலைக் கேட்காமலே வைத்துவிடுவார்கள். மணி அடிக்கும். அவர் எடுப்பார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இராது. நீங்கள் 'ஹலோ, ஹலோ' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, லைன் பழுது என்று முடிவுசெய்து வைக்கப்போகும்போதுதான் மறுமுனையில் 'சொல்லுங்கோ' என்று குரல் வரும். ஏன் எடுத்தவுடன் பேசுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். வழக்கம்போல நிதானமாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

'ஆர் எண்டு தெரியாமல் எந்தக் குரலிலை கதைக்கிறது?'

இதை அவர் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லவில்லை. மதாம் பிரான்ஸ் தேசத்து நடிகை. அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் 'றோல்ஸ்', 'போதும்' ஆகிய இரண்டுதான். அதிலும் ஒன்று தமிழ் அல்ல. எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் பிரெஞ்சில்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது எனக்கு அவர் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கேட்கிறார். அதை மாற்றி எழுதினால் வேறு யாரோ ஒரு பெண்மணியைப் பற்றி எழுதியதாகிவிடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் மனைவி சுகந்தியும் ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். சுகந்தி ஊரிலிருந்து நேரே ரொறன்ரோவுக்கு வந்தவள். நான் சுற்றி வந்தவன். அகதியாகப் பாரிசில் இறங்கி, ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவி, பிறகு வெங்காயம் வெட்டும் அளவுக்குப் பதவி உயர்ந்து, அதற்கும் பிறகே கனடாவுக்கு வந்தேன். ஆகவே எனக்குப் பிரெஞ்சு தெரியும். என்ன பிரெஞ்சு என்று கேட்கக்கூடாது. 'சுடுது', 'பின்னாலை வாறன்', 'கெதியாய்', 'உனக்குக் கண் இல்லையா' போன்ற விஷயங்களை நான் ஒரு பிரெஞ்சுக்காரனைவிட வேகமாகச் சொல்வேன். பூவைப் பற்றியோ நிலவைப் பற்றியோ ஒரு வசனம் சொல்லத் தெரியாது.

மதாமை முதலில் சந்தித்தது எங்கள் கட்டடத்து லிஃப்டில். இரண்டு கையிலும் அரிசிப் பையோடு உள்ளே ஏறியபோது கதவை மறித்துக்கொண்டு மெலிந்த, உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றார். நரைத்த தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். பழக்கதோஷத்தில் எனக்குக் குசினிப் பிரெஞ்சுதான் வாயில் வந்தது. 'பின்னாலை வாறன், சுடுது' என்றேன். அவர் விலகினார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்ட் ஏறிக்கொண்டே இருந்தது. கோபித்துவிட்டார் என்று நினைத்து நான் என் தளத்தில் இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்.

'பாரிசிலை எந்தக் குசினி, மிசியே?'

அன்றிலிருந்து நான் அவருக்கு மிசியே, அவர் எங்களுக்கு மதாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அடுத்த கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். சுகந்தி ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்து வைத்தாள். மதாம் ஒன்றை எடுத்துக் கடித்தார். 'உறைப்போ?' என்று சுகந்தி தன் ஆங்கிலத்தில் கேட்டாள். மதாம் மென்றார், விழுங்கினார், யன்னலைப் பார்த்தார். சுகந்தியின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

'என்னப்பா, உவ ஒண்டும் சொல்லுறாவில்லை. நான் சொன்னனான்தானே மிளகுத்தூளைக் குறைக்கச் சொல்லி.'

'நீதானே போட்டனி.'

'நீங்கள்தானே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.'

எங்கள் சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் மதாம் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: 'நல்லாயிருக்கு. இன்னும் ஒண்டு.' அந்த மூன்று சொல்லுக்காக ஒரு மனிதர் அவ்வளவு நேரம் யோசித்ததைப் பார்த்தபின் சுகந்திக்கு அவர்மேல் ஒரு பற்று வந்துவிட்டது. இருபது பேர் கூடி 'சுப்பர், சுப்பர்' என்று சொல்லிச் சாப்பிடுவதைவிட இந்த மனிசி சொன்னதை நம்பலாம் என்றாள்.

கடையிலும் இதே கதைதான். காசாளர் பெண் எல்லோரிடமும் கேட்பதுபோல 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்பாள். மதாம் அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்வார். தான் எப்படி இருக்கிறார் என்று உள்ளுக்குள் போய்ப் பார்ப்பார். பின்னால் வரிசை நீளும், செருமும். கடைசியில் 'நேற்று இதைவிடப் பரவாயில்லை' என்பார். ஒருநாள் அவரோடு நான் வரிசையில் நின்று வெட்கத்தில் செத்தேன். வெளியே வந்ததும், இந்த நாட்டில் அது சும்மா கேட்கும் கேள்வி என்று விளக்கினேன். 'அப்ப சும்மா கேக்கட்டும். நான் சும்மா பதில் சொல்லேலாது' என்றார்.

இந்தக் குணம் எங்கே தொடங்கியது என்று பின்னாளில் அவரே சொன்னார். இளவயதில் பாரிசில் ஒரு நாடகக் கொம்பனியில் சேர்ந்து வருடக்கணக்காக வேலைக்காரி வேஷம் போட்டிருக்கிறார். தட்டம் கொண்டுவருவது, தட்டத்தை எடுத்துப்போவது. பிறகு ஒரு நாடகத்தில் வசனம் கிடைத்தது. ஓடிவந்து 'ஐயா இறந்துவிட்டார்' என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். மதாம் ஓடிவரவில்லை. நடந்து வந்தார். மேடை நடுவில் நின்று அங்கிருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். சொல்லிவிட்டால் இவர்களுடைய வாழ்க்கை மாறிவிடும், சொல்லாமல் நிற்கும் வரைக்கும் மாறாது என்று தனக்குத் தோன்றியதாம். மண்டபம் மூச்சடங்கிப் போய்விட்டது. பிறகுதான் சொன்னார். கதாநாயகி திரைக்குப் பின்னால் வந்து அவரைக் கிழிகிழியென்று கிழித்தாள். ஆனால் மறுநாள் சனம் அந்த வேலைக்காரியைப் பார்க்கத்தான் வந்தது.

அதற்குப் பிறகு பெரிய வேஷங்கள் கிடைத்தன. சினிமாவிலும் நடித்தார். வீட்டுச் சொந்தக்காரி, கன்னியாஸ்திரி, பொலிஸ் அதிகாரியின் தாய் என்று பல படங்கள். அவற்றில் ஒன்றின் கசெற் அவரிடம் இருந்தது. எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். கணவன் பெட்டியோடு தெருவில் நிற்பான். மேலே யன்னலில் மதாம். இயக்குநர் அந்தக் காட்சிக்கு ஒரு முழுப்பக்க வசனம் எழுதிக் கொடுத்திருந்தாராம். மதாம் ஒன்றும் சொல்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு யன்னலைச் சாத்துவார். சத்தம் வராமல் சாத்துவார்.

'உவ ஒண்டும் கதைக்கேல்லையே' என்று சுகந்தி சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாதவள்.

இப்படிப்பட்ட ஒருவர் ஏன் ரொறன்ரோவுக்கு வந்தார் என்று கேட்கத்தானே செய்வீர்கள். நானும் கேட்டேன். 'ஒரு ஆளுக்காக வந்தனான். ஆள் போயிட்டுது. குளிர் மட்டும் நிண்டிட்டுது' என்றார். கனடாவில் எந்த விளம்பரத்துக்கும் பிரெஞ்சுக் குரல் ஒன்று வேண்டும் என்பதால் அவருக்குக் கொஞ்சக்காலம் அந்த வேலை கிடைத்தது. தயிருக்கும் ஷாம்புவுக்கும் குரல் கொடுத்தார். ஆனால் விளம்பரம் ஓடி முடிந்துவிடும், இவர் இன்னும் வாயைத் திறந்திருக்கமாட்டார். தயிரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னும் யோசிக்கும் ஒருவரை வைத்து யார் தயிர் விற்பது?

நகரத்தின் நடுவில் ஒரு சிறிய பிரெஞ்சு நாடகக் குழு இருந்தது. அதுதான் அவருக்கு ஒரே ஆறுதல். வருடத்தில் ஒரு நாடகம் போடுவார்கள். மதாம் அதற்காகவே மிச்ச மாதங்களை ஓட்டினார் என்று நினைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி. எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் இருந்தன. ஒரு சனிக்கிழமை காலை மதாம் அங்கே நின்றார். 'உடுப்புக் காய்ஞ்சிட்டுதோ, மதாம்?' என்று கேட்டேன். அவர் பேசவில்லை. பழகிய விஷயந்தானே என்று நானும் நின்றேன். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நான் என் உடுப்பைப் போட்டு, காசு போட்டு, தூள் போட்டு முடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் அப்படியே நிற்கிறார்.

'என்ன கேட்டனீங்கள்?' என்றார்.

அவருடைய மௌனத்துக்குப் பின் எப்போதும் ஒரு பதில் இருக்கும். அன்று இருக்கவில்லை. கேள்வியைத் திருப்பிக் கேட்க மனம் வராமல், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

சில கிழமைகளில் அவரே அந்தப் பேச்சை எடுத்தார். எங்கள் சோபாவில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல இலேசாகச் சொன்னார்.

'முந்தி நான் நிப்பாட்டினனான், மிசியே. இப்ப அது தானாய் நிக்குது.'

அந்த வருட நாடகத்தில் அவருக்குப் பெரிய வேஷம். ரயில்பாதை ஓரத்தில் விடுதி நடத்தும் ஒரு தாய். வீட்டை விட்டுப்போன மகன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். ஒத்திகையில் மதாம் இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். மொன்றியலில் இருந்து வந்த இளம் பெண்தான் இயக்குநர். கெட்டவள் இல்லை. மதாமின் படங்களைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் வாடகை மண்டபம், மற்ற நடிகர்களின் உழைப்பு என்று அவளுக்கும் தலைக்குமேல் பாரம். காதுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்து வசனம் சொல்லலாமே என்று கேட்டிருக்கிறாள். 'காதுக்கை ஒருத்தர் கதைச்சுக்கொண்டிருந்தால் நான் ஆரோடை நடிக்கிறது?' என்று மதாம் மறுத்துவிட்டார். பழைய முறைப்படி பக்கத்திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் போதும் என்றார். இயக்குநர் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. முதல் மேடையேற்றத்தில் மதாம் சபைக்குத் தெரிய ஒருமுறை தடுமாறினாலும் அடுத்த மேடையேற்றத்திலிருந்து வேறு நடிகை. அந்த நடிகை ஏற்கனவே வசனத்தைப் பாடமாக்கத் தொடங்கியிருந்தாள்.

வசனம் எடுத்துக்கொடுக்க மதாம் தெரிவுசெய்த ஆள் நான்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் போடும் நாடகங்களுக்கு நான்தான் வசனம் எடுத்துக்கொடுப்பேன். எங்கள் நடிகர்கள் பகலில் தொழிற்சாலையிலும் பெற்றோல் நிலையத்திலும் வேலை செய்கிறவர்கள். வசனம் பாடமாக்க நேரமில்லை. ஆகவே திரைக்குப் பின்னால் நிற்கிறவர் முதல் வசனத்தில் தொடங்கிக் கடைசி வசனம் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு மூச்சு முந்திச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். முன்வரிசையில் இருப்பவர்கள் நாடகத்தை இரண்டு தடவை கேட்பார்கள். ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த நாடகத்துக்கு மதாமை அழைத்துப்போயிருந்தேன். முன்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, 'எல்லாரையும்விடப் பெரிய வேஷம் உங்களுக்குத்தான்' என்றார்.

பிரெஞ்சு ஒத்திகைக்கு முதல்நாள் போய்க் கதிரையில் இருந்தேன். நாடகம் தொடங்கியது. நானும் தொடங்கினேன். தாய் பேசவேண்டியதை, மகன் பேசவேண்டியதை, தபால்காரன் பேசவேண்டியதை, என் குசினிப் பிரெஞ்சில், நல்ல சத்தமாக. மகனாக நடித்தவன் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டான். இயக்குநர் தலையில் கை வைத்தாள். மதாம் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: 'மிசியே, கேட்டால் மட்டும் குடுங்கோ.'

'எப்பிடிக் கேப்பியள்? ஒரு சைகை வைப்பமே. மூக்கைத் தொடுங்கோ, இல்லாட்டிக் கையை மடக்குங்கோ.'

மதாம் யோசித்தார்.

'சைகை ஞாபகம் இருந்தால் வசனமும் ஞாபகம் இருக்கும்.'

சைகை இல்லை என்று முடிவாயிற்று. நானாகத்தான் கண்டுபிடிக்கவேண்டும். சாதாரண நடிகை என்றால் சுலபம். நின்றால் மறந்துவிட்டாள் என்று அர்த்தம். இவருடைய நடிப்பே நிற்பதில்தான் இருந்தது. மூன்றாம்நாள் ஒரு நீண்ட இடைவெளியில் பொறுக்கமாட்டாமல் வசனத்தைக் கொடுத்துவிட்டேன். மதாம் திரும்பிப் பார்த்தார். அவர் கோபித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். 'என்ரை மௌனத்துக்குள்ளை கால் வையாதேங்கோ' என்றார். அடுத்தநாள் பயத்தில் பேசாமல் இருந்தேன். அன்று உண்மையாகவே மறந்துபோய், பாவம், மேடை நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கொஞ்சங்கொஞ்சமாகப் பிடிபட்டது. தன்னுடைய மௌனம் என்றால் அவருடைய கண் எதிரில் நிற்பவரை விடாது. மறந்துவிட்டால் கண் கீழே இறங்கிக் கையைப் பார்க்கும். கண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று தைரியம் வந்தது.

முதல் மேடையேற்றம் ஒரு ஞாயிறு பின்னேரம். சிறிய மண்டபந்தான், நிறைந்திருந்தது. சுகந்தி சீலை உடுத்தி இரண்டாம் வரிசையில் இருந்தாள். அந்த மற்ற நடிகையும் வந்து சுவரோரமாக நின்றாள். மதாம் நன்றாகத்தான் செய்துகொண்டு வந்தார். ஒரேயொரு இடத்தில் அவருடைய கண் இறங்கியது, நான் ஒரு சொல் கொடுத்தேன், பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசிக் காட்சி. மகன் வாசலில் வந்து நிற்கிறான். மதாம் அவனை நோக்கி நடக்கிறார். ஒத்திகையில் அவன் எப்போதும் வலப்பக்கம் நிற்பான், மதாமின் முகம் எனக்குத் தெரியும். அன்று பதற்றத்தில் பையன் இடப்பக்கம் வந்து நின்றுவிட்டான். மதாம் அவன் பக்கம் திரும்ப, எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்.

'நான் வருவேன் என்று நினைத்தாயா?' என்று மகன் கேட்டான்.

தாய் சொல்லவேண்டிய பதில் இது: 'இல்லை. ஆனால் கதவை ஒருநாளும் பூட்டவில்லை.' நாடகமே அந்த ஒரு வசனத்துக்காகத்தான். ஒத்திகையில் மதாம் அதற்கு முன் நீண்ட நேரம் நிற்பார். இப்போதும் நின்றார்.

நான் காத்திருந்தேன். ஒத்திகையில் நிற்கும் நேரம் கடந்துவிட்டது என்று தோன்றியது. முதுகு அசையவில்லை. கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. வசனம் என் நாக்கு நுனியில் நின்றது. கொடுத்தால், அது அவருடைய மௌனமாக இருந்தால், அந்தச் சின்ன மண்டபத்தில் என் சத்தம் கேட்கும். வாழ்நாள் முழுக்க அவர் சம்பாதித்த ஒன்றை நான் சபைமுன்னால் உடைத்ததாகிவிடும். கொடுக்காவிட்டால், அவர் மறந்திருந்தால், இன்னும் சில நொடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இனி மேடை இல்லை. எதிர்ப் பக்கத்திரையில் இயக்குநர் நின்று 'குடு, குடு' என்று கையைக் காட்டினாள். மகனாக நடித்தவனின் நெற்றியில் வியர்வை மினுங்கியது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் வாயைத் திறந்தேன், மூடினேன். சொல்லவில்லை. அது துணிச்சலா பயமா என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியாது.

'இல்லை' என்றார் மதாம்.

பிறகு இன்னும் கொஞ்சம் நின்றார்.

'ஆனால் கதவை ஒருநாளும் பூட்டவில்லை.'

மண்டபத்தில் யாரோ விசும்பியது கேட்டது. சுகந்தியாக இருக்கும் என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் சுவரோரம் நின்ற அந்த நடிகை. திரை விழுந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் ஓடிவந்து மதாமைக் கட்டிப்பிடித்து, எல்லா மேடையேற்றத்துக்கும் நீங்கள்தான், நீங்கள்தான் என்று அழுதாள்.

எல்லோரும் போனபிறகு ஒப்பனை அறைக்குப் போனேன். மதாம் கண்ணாடிக்கு முன்னால் இருந்து பஞ்சால் முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளில் கை வைக்கவேண்டும்போல இருந்தது. வைக்கத் துணியாமல் கதவோரம் நின்றேன்.

'நீங்கள் மறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும், மதாம்' என்றேன். வடிகட்டின பொய்.

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

'மறந்துதான் போனன்' என்றார். 'துப்பரவாய் மறந்து போனன். முன்னாலை நிக்கிற பெடியன் ஆரெண்டும் தெரியேல்லை, அவன் என்ன கேட்டவன் எண்டும் தெரியேல்லை. நீங்கள் சொல்லுவியள் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிண்டனான்.'

'பிறகு எப்பிடி?' என்றேன்.

'நீங்கள் சொல்லேல்லை. மிசியே சும்மா இருக்கிறார் எண்டால் நான் மறந்திருக்கமாட்டன், இது என்ரை மௌனமாய்த்தான் இருக்கும் எண்டு நினைச்சன். நினைச்ச உடனை வசனம் வந்திட்டுது.'